வீட்டுக்கு அனுப்பும் அறையின் மஞ்சள் விளக்கு

அனுப்புநர்:
சாயத் தொழிற்சாலையில் நிறம் ஒப்பிடும் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன்,
பதினோராம் படுக்கைக் குழந்தையின் தாய்வழித் தாத்தா.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
மகப்பேறு மருத்துவமனை.

பொருள்: பரிசோதனை அறை விளக்கை மாற்றவும், என் மகளைப் பற்றிய ஒரு வரியைத் திருத்தவும் வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. பேத்தி பிறந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்புமுன் அவளைப் பரிசோதித்த அறைக்குச் சன்னல் இல்லை. மஞ்சள் குண்டு பல்பு, சுவரும் வெளிர்மஞ்சள். குழந்தையின் முகம் மஞ்சளாக இருக்கிறதே என்று தயங்கிச் சொன்னேன். "இந்த ரூம்ல நானே மஞ்சளாத்தான் இருக்கேன் தாத்தா, நீங்க வேற" என்றார் செவிலியர். அவர்மீது குறையில்லை. வரிசையில் ஒன்பது தாய்மார், அவர் ஒருவர்.

2. எங்கள் தொழிலில் மஞ்சளை விளக்கில் பார்த்து முடிவு சொல்வதில்லை. துணியைச் சன்னலுக்குக் கொண்டுபோவோம். முப்பத்தொரு ஆண்டுகள் அப்படிச் செய்தவன் நான். வாசல் இருபதடி தூரம்தான். குழந்தையை அங்கே கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

3. வீட்டில், பகல் வெளிச்சத்தில், நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பார்த்தேன். மஞ்சள். எனக்கு ஒரு கண்ணில்தான் அறுவை செய்து புரையை எடுத்திருக்கிறார்கள். புரையுள்ள மற்றதற்கு எல்லாமே மஞ்சள். ஆகவே மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். நல்ல கண்ணுக்கும் மஞ்சளே. "என்னப்பா, கண்ணுல என்ன?" என்றாள் மகள். தூசி என்றேன். மருத்துவமனையே சரியென்று அனுப்பியபின் நான் யார் சொல்வதற்கு என்று இருந்துவிட்டேன்.

4. ஐந்தாம் நாள் மஞ்சள் வயிறுவரை இறங்கியது. பாலுக்கு எழுப்பினாலும் எழவில்லை. சமர்த்தாகத் தூங்குகிறாள் என்றோம். ஆறாம் நாள் இங்கே ரத்தம் மாற்றினார்கள். உயிர் பிழைத்தாள். மஞ்சள் அளவு மீறினால் காதைப் பாதிக்குமாம்; காது கேட்குமா என்பது அடுத்த மாதப் பரிசோதனையில் தெரியும்.

5. நோயாளிக் குறிப்பில் "தாயின் கவனக்குறைவால் தாமதம்" என்று எழுதியிருக்கிறது. மகள் அதைப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து, குழந்தை தூங்கினால் இவள் தூங்குவதில்லை.

அந்த அறைக்கு வெள்ளை விளக்கு போடவும், சந்தேகம் வந்தால் ரத்தத்தில் மஞ்சளின் அளவைப் பார்க்கவும், என்ன கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்று தாய்மாருக்கு ஒரு துண்டுத்தாள் தரவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

ஐந்தாம் பத்தியில் சொன்ன வரியை நீக்க இயலாதென்றால், ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். "தாயின்" என்பதை அடித்துவிட்டு "தாத்தாவின்" என்று எழுதுங்கள். அதன் கீழே கையொப்பமிட, இம்மனு தங்கள் மேசைக்கு வரும் நேரம் வெளி வராந்தாவில் காத்திருப்பேன்.

நாள்: பேத்தி பிறந்த இருபத்து மூன்றாம் நாள்
இடம்: குழந்தைகள் பிரிவு, சன்னலோரம்

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(கையொப்பம்)