பெட்டிக்குள் போன லாடக்குறி

பிராட்டன் பண்ணை, மொன்டானா
ஜூன் 9, 1992

அன்புத் தங்கை லியோட்டாவுக்கு,

அக்கா வெல்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் வலிகூட இந்த வெயிலில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மனசுதான் கொதிக்கிறது. இத்துடன் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். நான் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, யோசிக்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதே. நீ ஒரு தடவை யோசித்துக்கொண்டு நின்றதில்தான் அவன் பண்ணையையே தூக்கிக்கொண்டு போனான்.

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை, ஆர்வில் என்றே எழுதுகிறேன். நம் குடும்பத்துக் காகிதங்களையெல்லாம் பல்கலைக்கழகத்து ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கிறான். தாத்தா நிலம் வாங்கிய பத்திரம், அப்பாவின் மாட்டுக் கணக்கு, பழைய புகைப்படம், ரயிலில் மாடு அனுப்பிய ரசீது எல்லாம் அட்டைப்பெட்டிகளில் போகின்றன. அங்கே ஓர் அறைக்கு நம் குடும்பப் பெயரை வைப்பார்களாம். அதிலிருந்து இவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. பெட்டி கூடினால் பெருமை கூடும் என்று நினைத்துக்கொண்டு, மேசைமேல் கிடந்ததையெல்லாம் கையால் வழித்து உள்ளே தள்ளினான். வரும் தபாலைக்கூடப் பிரிப்பதில்லை. அரசாங்க முத்திரையைக் கண்டால் போதும், அதுவும் வரலாறுதான், பெட்டியில் போடு என்பான்.

காப்பகத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பனி வருடத்தைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. அப்பா இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தபோது மாடுகளை ஆற்றுப் பள்ளத்துக்கு ஓட்டிப்போய், கோடரியால் பனிக்கட்டியை உடைத்துத் தண்ணீர் காட்டிக் காப்பாற்றியது மகன் ஆர்வில் என்று போட்டிருக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் டெக்சஸில் முரட்டுக் குதிரை ஏறும் போட்டிக்குப் போய், தோள் எலும்பு முறிந்து எவள் வீட்டிலோ கிடந்தான் என்பது இந்த வட்டாரத்தில் நாய்க்கும் தெரியும். பனியில் மாடுகளோடு நின்றது நீ என்பதும், உன் இடது கையில் இரண்டு விரல் நுனி போனது அதனால்தான் என்பதும் தெரியும். ஒருத்தராவது வாய் திறக்க வேண்டுமே. வேலிக்கு வேலி இவன் தயவு வேண்டியிருக்கிறது அவர்களுக்கு.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் நீ தினமும் எழுதிவைத்த குறிப்பேடுகள் அப்பாவின் பெட்டியடியில் பத்திரமாக இருந்தன. அவையும் காப்பகத்துக்குப் போகும் என்று நம்பியிருந்தேன். போன மாதம் கன்றுகளுக்கு நம் பண்ணைக் குறியைச் சூடு போட்ட அன்று, அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் உதவிக்கு வந்திருந்தார்கள். வெட்டவெளியில், எல்லார் கண்ணெதிரிலும், இவன் உன் குறிப்பேடுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டான். நான் பீன்ஸ் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னான்: “ரெண்டு கன்னுக்குச் சூடு போட இது போதும். அவ எழுதுனதுக்கு அவ்வளவுதான் மதிப்பு.”

அந்த நெருப்பில்தான் சூட்டுக்கோல் காய்ந்தது. சிலர் குனிந்து கயிற்றைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார்கள். ‘நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனிதனுக்கு ஒரு சொல்’ என்பார்கள். இவனுக்குச் சொல் எத்தனையோ சொல்லியாகிவிட்டது. இனிச் சூடுதான் பாக்கி என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது.

வழியை அவனே போட்டுக் கொடுத்தான். அடுத்த வாரம் காப்பகத்திலிருந்து மிஸ் டிராஸ்க் தொலைபேசியில் கூப்பிட்டார். பெட்டிகளை அடுக்கிப் பட்டியல் போடுகிறவர் அவர்தான். ஆர்விலிடம் பேச வேண்டும், அவசரம் என்றார். இவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “நன்றி சொல்லத்தான் கூப்பிடுவா. நீயே வாங்கிக்க,” என்றான். வாங்கிக்கொண்டேன். சூட்டுக்குறிப் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி மாநில அலுவலகம் அனுப்பிய அறிவிப்பு, நினைவூட்டல், கடைசி எச்சரிக்கை எல்லாமே பிரிக்காமல் பெட்டிக்குள் கிடக்கின்றனவாம். கூடுதலாகக் கொடுத்த அவகாசமும் முடிந்துபோயிற்று.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் குறி யாருக்கும் சொந்தமில்லை. முதலில் கேட்கிறவருக்குக் கிடைக்கும். அதன்பிறகு அவர் எழுதித் தராமல் அந்தக் குறி போட்ட மாட்டை விற்க முடியாது. அப்பா இருந்தவரை அந்த வருடம் பிறந்ததும் முதல் வேலை அதுதான். ஆர்வில் என்ன நினைத்திருக்கிறான் என்றால், வாசல் வளைவில் இரும்பில் அடித்து வைத்திருக்கிறோம், மூன்று தலைமுறை மாட்டுத் தோலில் இருக்கிறது, அதற்கு எதற்குச் சீட்டு என்று. மே மாதம் உன் எழுத்தை எரித்து அவன் போட்ட சூடு, யாருக்குமே சொந்தமில்லாத குறி. இதை நினைத்து நினைத்துச் சமையலறையில் தனியாகச் சிரித்தேன்.

அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். மாட்டின் இடது விலாவில் லாடமும் அதன் கீழே கோடும் போட்ட நம் குறியை இன்னும் யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். நான் கேட்டால் இதே வீட்டில் இருந்துகொண்டு என்னால் தாக்குப்பிடிக்க முடியாது. அதோடு, அது உன் குறி. பனியில் அதைச் சுமந்த மாடுகளை உயிரோடு கொண்டுவந்தவள் நீ.

கையெழுத்துப் போடு, லியோட்டா. அவன் திருந்துவான் என்பதற்காக அல்ல. அவன் வயிறு எரிய வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும்.

உன் கை ஓங்கட்டும் என்று வேண்டும்,
வெல்மா

*

கூஸ் பே, ஆரிகன்
ஜூன் 17

அக்கா,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு, இருக்கையை விட்டு இறங்காமலே போட்டேன்.

குறிப்பேடுகள் எரிந்ததைப் படித்தபோது அழுகை வரவில்லை. என்னவோ ஒன்று உள்ளே உறைந்துவிட்டது. இங்கே வந்தபிறகு அவனைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. மறந்துவிட்டேன் என்றே நம்பியிருந்தேன். மறக்கவில்லை அக்கா. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள், “பொம்பளைக்கு எதுக்கு மாடு? சேணத்த வேணா எடுத்துக்க,” என்றானே, அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது.

இலையுதிர் காலத்தில் அவன் மாடு விற்கும்போது விஷயம் தெரியவரும். அப்போது என் அனுமதி வேண்டும் என்று வந்து நிற்பான். எனக்கு அவன் பணம் வேண்டாம், நிலம் வேண்டாம், மாட்டில் பங்கும் வேண்டாம். பெரும்பனி வருடத்தில் யார் பண்ணையில் இருந்தார்கள், யார் இல்லை, என்ன நடந்தது என்று அவன் கைப்பட எழுத வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி எனக்கும், மூலம் மிஸ் டிராஸ்கின் பெட்டிக்கும் போக வேண்டும். என்னுடையதை அவன் எரித்தான் அல்லவா? இனி அவனே எழுதட்டும்.

நீ ஜாக்கிரதையாக இரு.

லியோட்டா

*

பிராட்டன் பண்ணை
அக்டோபர் 20

அன்புள்ள லியோட்டா,

நேற்று நடந்ததை உடனே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மாடு ஏற்ற லாரிகள் காலையிலேயே வந்து வரிசையாக நின்றன. வாங்குகிறவரும் வந்துவிட்டார். குறி பார்க்கும் ஆய்வாளர் கிளீட்டஸ், மாட்டுப் பட்டியின் வேலிமேல் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு இறங்கி, லியோட்டாவின் அனுமதிச் சீட்டு எங்கே என்று சாதாரணமாகக் கேட்டார். அவர் கேலி செய்கிறார் என்று நினைத்து ஆர்வில் சிரித்தான். அவர் பதிவுப் புத்தகத்தை விரித்துக் காட்டியதும் முகம் வெந்த பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது.

“அது எங்கப்பன் குறிடா,” என்று கத்தினான்.

“உங்கப்பா குறிதான், நான் இல்லேங்கல. அவரு போய்ச் சேந்துட்டாரு. இப்ப உங்க தங்கச்சி பேருல இருக்கு. அந்தம்மா எழுதித் தராம ஒரு மாடு லாரியில ஏறாது,” என்றார் கிளீட்டஸ். குரலை உயர்த்தவே இல்லை. மே மாதம் நெருப்பைப் பார்த்துக் குனிந்தவர்கள் பாதிப் பேர் நேற்றும் அங்கேதான் இருந்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் குனியவில்லை.

நான் போய் உன் நிபந்தனையை ஆர்விலிடம் சொன்னேன். என்னை நன்றி கெட்டவள் என்றான், பாம்பு என்றான், லாரி கிளம்பியதும் நீயும் கிளம்பு என்றான். வக்கீலுக்குத் தொலைபேசி செய்தான். வக்கீல் என்ன சொன்னாரோ, தொலைபேசியை வைத்துவிட்டு மேசை இழுப்பறையில் காகிதம் தேடினான். அதற்குள் வாங்குகிறவர் ஒரு வாரம்தான் பொறுப்பேன் என்று சொல்லி, லாரிகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாடுகளுக்கு நான் வைக்கோல் போட்டுவிட்டேன். அவை என்ன பாவம் செய்தன.

மத்தியானம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினான். முதலில் எழுதியதில், மாடுகள் காப்பாற்றப்பட்டன என்று மட்டும் இருந்தது. யார் காப்பாற்றியது என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்ததில் நாங்கள் என்று இருந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தேன். நான் அசரவில்லை, அடுப்பில் பாத்திரம்கூட வைக்கவில்லை. கடைசியில், நான் அங்கே இல்லை, என் தங்கை லியோட்டா தனியாகக் காப்பாற்றினாள், அவள் எழுதிவைத்ததை நான் எரித்தேன் என்று எழுதி, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டான். மூலத்தை மிஸ் டிராஸ்குக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பிரதி இத்துடன் இருக்கிறது.

எனக்கு நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். பாதிதான் ஆறியிருக்கிறது. என் துணிமணியைக் கட்டி வைத்துவிட்டேன், போக இடம்தான் இன்னும் யோசிக்கவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் வருகிறது. அனுமதிச் சீட்டை நீ தபாலில் அனுப்பாதே. கிளீட்டஸிடம் நீயே உன் கையால் கொடு. பேருந்துக்கு நாலு நாள் வேறு யாராவது ஓட்டுநர் கிடைப்பார்கள். இந்தப் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், வண்டியை விட்டு இறங்கிப் பண்ணை வாசல் கதவைத் திறப்பது எப்போதும் கூலியாட்கள் வேலை. பண்ணைக்குச் சொந்தக்காரர் இருக்கையை விட்டு அசைவதில்லை. நீ வாசலுக்கு வந்ததும் இறங்கிவிடாதே. ஒலிப்பானை ஒரு தடவை அடித்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திரு. ஆர்வில் நடந்து வந்து கதவைத் திறக்கும்வரை உட்கார்ந்திரு.

வழி பார்த்திருக்கும் அக்கா,
வெல்மா