கறுத்த கண்ணாடி

பிப்ரவரி 3
இன்றும் மஞ்சள்.

ஈயம் இல்லாத பெரோவ்ஸ்கைட்டைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசிச் சூடாக்குகிறேன். வெயிலை விழுங்கி மின்சாரம் தர வேண்டியது அது. கறுத்தால்தான் நன்றாக விழுங்கும். என்னுடையது மஞ்சளாக நின்று பல்லைக் காட்டுகிறது. பக்கத்து மேசைக்காரர் ஈயம் சேர்த்துத்தான் செய்கிறார், உடனே கறுத்துவிடுகிறது, மத்தியானமே வீட்டுக்கும் போய்விடுகிறார்.

எனக்கு ஈயம் ஆகாது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் அண்ணன் வருஷக்கணக்காக வேலை பார்த்தான். ஈயம் நரம்பில் ஏறி, இப்போது இரண்டு மணிக்கட்டும் தொங்குகின்றன. தண்ணீர் குடிக்க டம்ளரை அண்ணி பிடித்துக்கொள்ள வேண்டும்.

போனில் வழக்கமான கேள்வி: "கறுத்துச்சா?"

"இல்லண்ணே."

"நீ கறுத்ததுதான் மிச்சம்" என்று சிரித்தான்.

பிப்ரவரி 11
மஞ்சள்.

பிப்ரவரி 19
கறுத்துவிட்டது.

புதுக் கண்ணாடி தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து மேசைக்காரர் கழுவி அடுக்கியிருந்த பழைய கண்ணாடிகளில் பூசினேன். அடுப்பிலிருந்து எடுத்தால் மை மாதிரி கறுப்பு. எங்கள் ஆய்வுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீட்டர், வணக்கம் சொன்னால்கூட "ரீடிங் எவ்வளவு?" என்பார். இன்று என் துண்டு தந்த மின்சார ரீடிங்கைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடுத்த மாசம் மாநாட்டுல நீயே பேசுற."

பிப்ரவரி 22
கறுத்த துண்டு ஒன்றின் மேல் இன்னொரு கண்ணாடியை ஒட்டி மூடி, அண்ணனிடம் கொண்டுபோனேன். "ஈயம் துளிகூட இல்லண்ணே." இரண்டு கைகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டான். அவன் மகள் பாப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினாள். "எங்க அத்தை செஞ்சது."

எவ்வளவு நாளாச்சு நான் இப்படிச் சந்தோஷமாக இருந்து.

மார்ச் 2
அண்ணனுக்கு மறுபடி வயிற்றுவலி, மருத்துவமனை. ரத்தத்தில் ஈயம் பழையபடி ஏறியிருக்கிறது. மருந்து கொடுத்து இறக்கினீர்களே என்று கேட்டேன். டாக்டர் சொன்னார்: "ரத்தத்தைத்தான்மா கழுவினோம். எலும்புல ஊறிக் கிடக்கறது மெல்ல வெளிய வரும்."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்தப் பழைய கண்ணாடிகள் — அவையும் கழுவினவைதானே. ஆனால் அவற்றின் மேல் ஒரு வெள்ளைப் பூச்சு உண்டு, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக. அதற்குள் ஊறின அவருடைய ஈயம் எங்கே போகும்? ஐயோ.

மார்ச் 5
புதுக் கண்ணாடி வந்தது. மஞ்சள். திரும்பப் பூசினேன், மஞ்சள். கழுவின பழைய கண்ணாடியை அப்படியே சோதனைக்குக் கொடுத்தேன். ஈயம்.

மீட்டரிடம் சொன்னேன். "உன் கரைசல்ல ஈயம் இல்லதானே? அதை மட்டும் சொல்லு. யாரு கேக்கப் போறா?"

என்னால் முடியாது சார் என்றேன். ரீடிங் பற்றி எதுவும் கேட்காமல் கதவைப் பார்த்தார். வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 7
அண்ணன் வீடு திரும்பிவிட்டான். அந்தக் கறுத்த துண்டைத் திரும்ப வாங்கப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வாசலிலேயே மறந்துபோச்சு. "உள்ள ஈயம் இருக்குண்ணே. மூடியிருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா இருக்கு. நான் பார்க்கல."

திட்டியிருந்தால் தேவலை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பாப்பா தரமாட்டேன் என்று அழுதாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அந்த வீட்டுக்குள்ள போயும் போயும் நானா ஈயத்தைக் கொண்டுபோகணும்? என்ன ஜென்மம் நான்.

மார்ச் 20
மாநாட்டுப் பட்டியலில் என் பெயர் இல்லை. வேலையும் இந்த மாதத்தோடு சரி.

மார்ச் 29
கடைசித் தடவை. புதுக் கண்ணாடி. சூட்டைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். மஞ்சள்தான், ஓரத்தில் மட்டும் லேசாக ஆரஞ்சு. ரீடிங் துளி கூடியிருக்கிறது. எவ்வளவு என்று கேட்க ஆளில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணி போனை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். கறுத்துச்சா என்று அவன் இப்போதெல்லாம் கேட்பதில்லை. நானே சொன்னேன்.

"மஞ்சள்தாண்ணே."



"புதுக் கண்ணாடியா?"

"ஆமாண்ணே."

"அப்ப ஒண்ணு எடுத்துட்டு வா. பாப்பா கேக்குறா."