ஏணிக்குக் கீழே ஒரு சத்தம்

என் ஏணியின் காலை அத்தனை வருடம் பிடித்திருந்த மச்சான் சடையனுக்கு,

சொல்வது நான். எழுதுவது தினேஷ், இந்த வருடம் எனக்கு ஏணி பிடிக்க வந்திருக்கும் பையன். பையன் என்றால் கல்யாணம் ஆனவன்தான். நம் கண்ணுக்கு மீசை நரைக்காதவன் எல்லாம் பையன்.

மிளகுப் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, மச்சான். செம்மேட்டுச் சந்தையில் புது மிளகைப் பார்த்தபோதே எனக்குக் கை அரித்தது. ஆனால் முதல் நாளே மேஸ்திரி முருகேசன் வந்து நின்றான்.

"ஏனுங்க பெரியப்பா, இந்த வருசம் நீங்க மரம் ஏற வேண்டாமுங்க. பொம்பளைங்ககூட கீழ உதிர்ந்ததப் பொறுக்குங்க, போதும்."

"பொறுக்கறதுக்கு நானென்ன கோழியா சாமி?"

ஒரு தடவை கீழே இறக்கிவிட்டால், மறு வருடம் யார் என்னை ஏறச் சொல்வார்கள்? நான் நகரவில்லை. "சரிங்க, ஏணி புடிக்க ஒரு ஆளக் காட்டுங்க, ஏறுங்க" என்றான். திரும்பிப் பார்த்தேன். இளவட்டங்கள் எல்லாம் மர உச்சியைப் பார்த்தார்கள். "பெருசுகூடப் போனா மிளகவிட வசவுலதான் சாக்கு நெறையும்" என்று ஒருவன் முணுமுணுத்தான். என் காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் தினேஷ் வந்தான். கையில் போன், காதில் ஒயர்.

சோறு தின்னும்போது இப்படிப்பட்ட பையன்களை நாம் என்னவெல்லாம் பேசியிருப்போம்? "போனக் குடுத்தா புடிப்பானுங்க, ஏணியக் குடுத்தா உட்ருவானுங்க" என்று நீதானே சொன்னாய்? அந்தப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டுதான் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறினேன். ஒரு சரம் பறித்தால் ஒரு தடவை குனிவேன். அவன் கண் போனில் இருக்கும்.

"டேய், புடிச்சிருக்கியா?"

பதில் வராது. காதில்தான் ஒயர் இருக்கிறதே.

கீழேயே பார்த்துக்கொண்டிருந்தால் சாக்கு எப்படி நிறையும்? மாலையில் அரைச் சாக்கு. மேஸ்திரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கும் இப்படின்னா கீழதானுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோபம் முழுவதையும் தினேஷ் மேல் கொட்டினேன். "எங்க மச்சான் சடையன் எப்படிப் புடிப்பான் தெரியுமாடா?" என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எப்படிப் பிடித்தாய் நீ? ஏணியில் முதுகைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கினாய். உன் குறட்டை உச்சிக் கொடி வரைக்கும் கேட்கும். அது கேட்கிறவரை நீ கீழே இருக்கிறாய் என்று நான் பாட்டுக்குப் பறித்தேன். ஒரு நாளாவது குனிந்து பார்த்திருப்பேனா?

அதை அப்படியே அவனிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. செத்துப் போனவனுக்கு இனிமேல் என்ன வெட்கம்?

"அப்ப உங்களுக்குச் சத்தந்தான் வேணுமுங்களா தாத்தா?" என்றான். "போன் சத்தம் உங்களுக்கு ஆகாதுன்னுதான் ஒயர மாட்டிக்கிட்டேன்."

"ஆகாதுன்னு நான் சொன்னேனா?"

"பெருசுங்க எல்லாம் அப்படித்தானுங்களே."

மறுநாள் ஒயரைக் கழற்றினான். போனில் ஒரு பெண் சமையல் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் கை தானாகப் பறித்தது. இறாலைக் கண்ணால் பார்க்காத எனக்கு இறால் பிரியாணி இப்போது தலைகீழ்ப் பாடம்.

சாக்கு நிறையக் கொஞ்சம்தான் பாக்கி. வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் பேச்சு நின்றுவிட்டது. போனில் சார்ஜ் தீர்ந்தது எனக்கு எப்படித் தெரியும்? மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். கை ஓடவில்லை, குனியக் கழுத்தும் வரவில்லை.

அப்போது கீழேயிருந்து குறட்டை கேட்டது, மச்சான்.

உன் குறட்டை மாதிரி இல்லை. பன்றி கிணற்றில் விழுந்த மாதிரி இருந்தது. தோட்டமே சிரித்தது. தினேஷ் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி, கண்ணை அகலத் திறந்துகொண்டு குறட்டை விட்டான் என்று பக்கத்து மரத்துக்காரர்கள் சொன்னார்கள். நான் குனிந்து பார்க்கவில்லை.

சாக்கு நிறைந்தது. மேஸ்திரி தூக்கிப் பார்த்தான். "கொறட்ட உட ஆளு இருக்கறவரைக்கும் ஏறுங்க பெரியப்பா" என்றான்.

நான் அங்கே வரும்போது நீ மரம் ஏறு, மச்சான். ஏணியை நான் பிடிக்கிறேன். தூங்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் சத்தத்தை நிறுத்த மாட்டேன்.

இன்னும் மரத்தின் மேலேயே இருக்கும்
உன் மச்சான் பெரியசாமி