கதவு இடித்த முகம்

மார்ச் 3, செவ்வாய்

தாடையில் ஒரே ஒரு பரு. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கடைக் கழிவறைக்குள் போனேன். வெளியே வரும்போது இருபது நிமிடம் ஆகியிருந்தது. தாடையில் ஒன்று, கன்னத்தில் இரண்டு என்று மூன்று இடத்தில் ரத்தம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு முகம் பார்க்கவா இடமில்லை? கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அக்கா கேட்டார். "என்னம்மா முகத்துல?"

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சுக்கா."

போன மாதமும் அதே கதவுதான் இடித்தது. வேறு பொய்கூட வாயில் வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மெஷினைப் போட்டார்.

மார்ச் 5, வியாழன்

பொருக்கை மறுபடி உரித்துவிட்டேன். முப்பத்தாறு வயசாச்சு. வெக்கமா இல்லையா உனக்கு?

மார்ச் 7, சனி

பஸ் ஓட்டி முடித்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்தார். அக்கா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தெருமுனை திரும்பும்போது அவர் கேட்டார்: "உங்க அக்கா ஏன் என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறாங்க?"

தெரியாது என்றேன். தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதவே கை கூசுகிறது.

நான் கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா அவரைத் தனியே அழைத்துப் பேசியிருக்கிறார். வீட்டுக்கு வந்து தட்டுக் கழுவிக்கொண்டே இவர் சொன்னார்.

"இன்னொரு தடவை இந்தப் பொண்ணு முகத்துல காயம் பாத்தேன்னா நேரா போலீசுக்குத்தான் போவேன், தம்பின்னு சொன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

"ஏங்க? நான் அடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அப்ப யாருன்னு கேப்பாங்க. அதை நீதான் சொல்லணும்."

ஒரு தட்டை வாங்கித் துடைத்தேன். அவரே சொன்னார்: "ஆறு வருஷமா தலகாணி உறையைத் துவைக்கிறது நான்தானே. ரத்தக்கறை தெரியாதா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், ஆறு வருஷமாக. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நின்றிருக்கிறார் மனுஷர் – எனக்காக.

மார்ச் 11, புதன்

இன்றும் அக்காவிடம் சொல்லவில்லை. தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

தோல் டாக்டரிடம் போனேன். என்னைவிடச் சின்னப் பெண். திட்டுவார் என்று நினைத்தேன். "இது நிறைய பேருக்கு இருக்கு, இதுக்கு வைத்தியமும் இருக்கு" என்றார்.

மென்மையான சோப்பு, விரல் நுனியால் மட்டும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். மேலே மெல்லிசாக வாசலின். காயவிட்டால் பொருக்குத் தட்டும், பொருக்கைக் கண்டால் கை போகும். அதனால் சின்ன பிளாஸ்திரிப் பட்டை ஒட்டி மூடிவைக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். ஆறிய பிறகு வெயில் படாமல் கிரீம்.

"புண்ணு பத்துப் பதினஞ்சு நாள்ல மூடிடும். சிவப்பு போக மாசக்கணக்காகும். கைப்பழக்கத்துக்கு மனநல ஆலோசகர் ஒருத்தரைப் பாருங்க." சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து அழுதேன்.

மார்ச் 13, வெள்ளி

அக்காவிடம் சொல்லிவிட்டேன், நானே கிள்ளிக்கொள்கிறேன் என்று. அக்கா மெஷினை நிறுத்தினார்.

"அடி வாங்குறவளும் இப்படித்தான் புருஷனைக் காப்பாத்துவா. எங்க தங்கச்சியும் புருஷன் அடிக்கலன்னுதான் சொன்னா. நம்பினேன்."

என்ன சொல்லி நம்பவைப்பது? "நான் கழிவறைக்குப் போனா அஞ்சு நிமிஷத்துல வந்து கதவைத் தட்டுங்கக்கா. அப்ப உங்களுக்கே தெரியும்" என்றேன். சொல்லும்போது காது வரை சுட்டது.

மார்ச் 16, திங்கள்

தட்டினார். என் கை கன்னத்தில்தான் இருந்தது. பட்டையில் பாதி பிய்ந்திருந்தது. கதவைத் திறந்தேன். அக்கா என் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயோ, அந்த மனுஷனை..." என்று சொல்லி அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டார்.

மார்ச் 18, புதன்

அவர் கடைக்கு வந்ததும் அக்கா வாசலுக்கே போய்விட்டார். "தம்பி, நான் தப்பாப் பேசிட்டேன்." இவர், "எங்க வீட்டுப் பொண்ணுக்காகக் கேட்டீங்க. எனக்கு அது சந்தோஷம்தாங்க" என்றார். இருவரும் பேசி முடிக்கும் வரை நான் பெட்டியில் ஃபிரேம்களை அடுக்கிக்கொண்டே இருந்தேன். அடுக்கியதையே மறுபடி அடுக்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

நேற்று தாடையில் ஒன்றைக் கிள்ளிவிட்டேன். ஒன்றுதான். கழுவி, வாசலின் வைத்து, பட்டை ஒட்டினேன். அவரிடம் சொன்னேன். "சரி" என்றார்.

ஏப்ரல் 20, திங்கள்

ஆலோசகரிடம் மூன்றாவது தடவை. உபயோகமா? தெரியவில்லை. போகிறேன்.

மே 6, புதன்

பவுடர் போடாமல் வேலைக்குப் போனேன். ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் கண்ணாடியில் அவர் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். "கன்னத்துல என்னம்மா, செவப்பா?"

"நானே கிள்ளிக்கிட்டதுங்க. ஆறிட்டு வருது."

"ம்" என்றார். "இடது காதுப் பக்கம் கொஞ்சம் லூசா இருக்கே?"

திருகாணியை இறுக்கிக் கொடுத்தேன்.