வெல்லம் கரைத்த தண்ணீர்

குவைத்
12.10.84

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். இதைப் படித்ததும் நம் கிணற்றில் தண்ணீர் எடுப்பதை நிறுத்துங்கள். மீதியை அப்புறம் படியுங்கள்.

நான் வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் நேற்று கடற்கரைக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பெரிய குழாயிலிருந்து ஆலைக் கழிவு கடலில் விழுகிறது. கரையெல்லாம் நுரை. மீன்கள் செத்து மிதந்தன. சின்னப் பிள்ளை நுரையை அள்ளப் போனது. டிரைவர் நம்ம சேலத்துக்காரர், ஓடிவந்து தூக்கினார்.

"ஏம்மா, கண்ணு தெரியலியா? வெசம் அது!"

"எங்கூருல ஜவ்வரிசி ஆக்குற சேகோ மில்லு ஓடையிலயும் இப்படித்தானுங்க நுரை வரும்" என்றேன்.

"உங்க வூட்டுக் கெணறு ஓடைக்கு எவ்ளோ தூரம்?"

"பக்கத்துலதானுங்க."

அவர் காரிலிருந்த நல்ல தண்ணீரை எடுத்துப் பிள்ளையின் கைகாலைக் கழுவினார்.

மில் வந்த வருஷம் நம் மாடு தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தவிடு கலந்து குடிக்க வைத்தோம். "தண்ணி கசக்குதும்மா" என்று நம் மூத்தவள் ராஜமேரி அழுதபோது வெல்லம் கரைத்துக் கொடுத்தது நான்தான். கல்லறைத் திருநாளுக்கு அவள் குழிமேல் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவளிடம் இதைச் சொல்லாதீர்கள்.

சின்னவனை உடனே அரூரில் அக்கா வீட்டில் விடுங்கள். இந்தக் கடிதம் வந்துசேரப் பதினைந்து நாள் ஆகுமாம். அதுவரை அவன் அதைத்தானே குடிப்பான்?

சின்னவன் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான், நீ செய்த மாதிரியே செய்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். படித்துச் சந்தோஷப்பட்டேன்.

அவன் அழட்டும் மாமா. வெல்லம் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா