ஆகஸ்டில் நீ எழுதிய பொய்ப் பரீட்சை

டிசம்பர் 21, ஞாயிறு, காலை 6 மணி 10 நிமிடம். அந்த வீடியோவை இதுவரை முப்பத்தோரு தடவை பார்த்துவிட்டேன்.

லாண்ட்ரிக்கு அப்பா எழுதுவது. இங்கே லேக் சார்ல்ஸில் எல்லோரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை, பொய்தான் சொல்வாய். போனிலும் கத்தப்போவதில்லை, நேற்று பாதியில் வைத்துவிட்டாய், அதனால்தான் உன் போனுக்கே அனுப்பும் இந்தக் கடிதம். முழுசாகப் படி.

உங்கள் கல்லூரி ஃபுட்பால் அணிக்காரர்களே வெளியிட்ட பயிற்சி வீடியோ அது. வியாழக்கிழமை மண்டையில் அடி வாங்கி விழுகிறாய், எழுகிறாய், வெள்ளைச் சட்டைக்காரன் நீ, நேராகப் போய் எதிர்ப்பக்கத்துச் சிவப்புச் சட்டைக்காரர்கள் நடுவில் நிற்கிறாய். நான்கு நொடி. ஒருத்தன் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுகிறான். கீழே எவனோ சிரிப்புப் படம் போட்டிருக்கிறான். உன் மாமா ஓடிஸும் சிரித்தான், மச்சான், அவன் மண்டைக்குள்ள இருக்கறது உன் மூளைதானே, அடிபட என்ன இருக்கு என்றான். அவனை வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டேன். சீசன் முடிவில் வரும் அந்தப் பெரிய ஆட்டத்துக்கு, பவுல் ஆட்டத்துக்கு, எல்லோரையும் அழைத்துப்போக வேன் பிடித்திருக்கிறானாம், பதினான்கு பேர், உன் நம்பர் போட்ட சட்டையோடு.

நேற்று நீ பெருமையாகச் சொன்னாய், டாக்டர் பரீட்சை வைத்தார்ப்பா, ஆகஸ்ட்ல எடுத்த அதே மார்க், வர்ற சனிக்கிழமை ஆடலாம்னுட்டார் என்று. அதே மார்க்தான் வரும், வராமல் என்ன? பின்னால் மண்டையில் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஆகஸ்டில் வைத்த ஞாபகப் பரீட்சையில், நல்ல மண்டையோடு உட்கார்ந்து பாதி வார்த்தைகளை வேண்டுமென்றே மறந்தவன் நீ. எல்லாப் பசங்களும் இப்படித்தான்ப்பா, அப்பதான் பின்னாடி அடிபட்டாலும் பாஸ் ஆகலாம் என்று அப்போதே என்னிடம் சொன்னாய். சுத்திகரிப்பு ஆலையில் பதினெட்டு வருஷமாக அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறவன் நான். பூஜ்யத்தைத் தள்ளிவைத்த மானி நல்ல நம்பர்தான் காட்டும், குழாய் வெடிக்கிற நிமிடம் வரைக்கும். அப்படி ஒன்றை என் கீழே வேலை செய்கிறவன் வைத்தால் அன்றைக்கே வெளியே அனுப்புவேன். நீ சொன்னபோது சிரித்தேன். கெட்டிக்காரப் பயல் என்றும் சொன்னேன். ராத்திரி உன் அம்மாவிடம் இதை ஒப்புக்கொண்டேன். அவள் கத்தவில்லை. நீங்களும் சிரிச்சீங்களா என்று மட்டும் கேட்டாள்.

ஆட வேண்டும் என்ற உன் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தாய். உன் இடத்தில் ஆடுகிறவன் தொழில்முறை அணிக்குப் போகிற நேரத்தில் காலை உடைத்துக்கொள்ளக் கூடாதென்று பவுல் ஆட்டத்திலிருந்து விலகினான், முதல் தடவையாக ஆரம்பத்திலிருந்தே ஆடும் வாய்ப்பு உனக்கு வந்தது. அவன் காலுக்காக விலகினான் முட்டாளே! உன் வயதில் எனக்கு இரண்டு வயதுப் பிள்ளையாக நீ இருந்தாய், பயப்படக் கற்றுக்கொண்டேன், நீயும் கற்றுக்கொள். தலைவலி இருக்கிறதா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா என்று அம்மாவிடமாவது உண்மையைச் சொல். வண்டி ஓட்டாதே. தண்ணீர் குடி. போனைப் பார்த்துக்கொண்டே கிடக்காமல் தூங்கு.

கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
டெல்மர் பிரெஷான்

நான் செய்யப்போவது:

1. நாளை காலை எட்டு மணிக்கு உங்கள் அணி டாக்டருக்குப் போன். ஆகஸ்ட் மார்க் பொய், அதை வைத்து ஆட விடாதீர்கள் என்று சொல்வேன். எனக்கு அப்போதே தெரியும் என்பதையும் சொல்வேன். அதற்குள் நீயே போய்ச் சொல்லிவிட்டால் சந்தோஷம்.

2. அவர் தட்டிக்கழித்தால் நீ படிக்கிற ஒஹாயோவுக்கு வண்டியை எடுப்பேன். பதினாறு மணி நேரம். பயிற்சியாளர் அறை வாசலில் நிற்பேன்.

3. ஓடிஸிடம் வேனை ரத்து செய்யச் சொல்வேன்.

4. நீ எத்தனை மாதம் என்னோடு பேசாமல் இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். எதற்காகக் கோபம் என்பது உனக்கு ஞாபகம் இருந்தால் போதும்.