தொட்டியைக் கொடுக்கவில்லை

அன்புள்ள சிட்டுவுக்கு,

பாட்டி எழுதுவது. வீட்டில் மூவரும் நலம். அந்தத் தீவில் உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? நாள் முழுக்கக் கடலுக்குள் பவளம் நடுகிற வேலை என்கிறாய். காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்.

பவளம் வளர்க்க நீ ஹாலில் ஆரம்பித்து அரைகுறையாய் நிற்கிற கண்ணாடித் தொட்டியை, அதை வாங்கிய கடைக்காரரிடமே கொடுத்துவிடும்படி எழுதியிருந்தாய். "இனி அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது" என்றும் எழுதியிருந்தாய். கடைக்காரர் வந்தார். "பேத்தி கோபத்துல எழுதிட்டா தம்பி, நீங்க கிளம்புங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். என் மேல் கோபம் வந்தால் வரட்டும்.

தொட்டி இப்போது அரைகுறையாக இல்லை. செய்தது யார் தெரியுமா? உன் அப்பா. அவன் பார்த்துவைத்த வேலையை நீ உதறிவிட்டுப் போன அன்று, "அவ பேச்சே இந்த வீட்ல எடுக்கக்கூடாது" என்று கத்தினானே, அவனேதான். மூன்றாம் நாள் ஆபீஸிலிருந்து மட்டக்கோல் கொண்டுவந்தான். சர்வேயர் அல்லவா, தொட்டி ஒரு நூல் சாய்ந்திருப்பது கண்ணில் பட்டுவிட்டது. நிமிர்த்தினான், மணல் பரப்பினான், உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றிப் பாறைகளை அடுக்கினான். பிறகு ஒன்றரை மாதம் வெறும் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "மீனே இல்லாம எதைங்க பாக்குறாரு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்க, உன் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

பிறகு நத்தைகள் வந்தன, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் இரண்டு வந்தன. பத்துப் பன்னிரண்டு நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டுகொண்டன. மீன்கள் தீனியைத் தொடவில்லை. அவன் முகம் செத்துவிட்டது. தினமும் தண்ணீர் குறைகிறதே என்று, குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறான். ஊற்றுகிற வாளியை ஒவ்வொரு முறையும் உப்பளக்கும் கருவி வைத்து அளந்தான். தொட்டியை ஒருநாளும் அளக்கவில்லை. நான் கேட்டேன்: "ஏன்டா, ஆவியாப் போறது தண்ணிதானே? உப்பு எங்கடா போகும்? அடுப்புல வச்சது சுண்டினா கரிக்காதா?" உடனே கருவியை எடுத்துத் தொட்டியை அளந்தான்; உப்பு ஏறிக் கிடந்தது. ஊரையே அளக்கிறவனுக்கு அஞ்சாம் கிளாஸோடு நின்ற நான் சொல்ல வேண்டியிருந்தது!

அதற்குப் பிறகுதான், தொட்டியைப் பற்றி நீ எழுதிவைத்துவிட்டுப் போன, அதுவரை அவன் தொடாமலே வைத்திருந்த நோட்டை எடுத்தான். "குறைந்த தண்ணீருக்கு நல்ல தண்ணீர் மட்டும்" என்று நீ மூன்றாம் பக்கத்திலேயே எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். வீம்பு அதுவரை நோட்டைப் பிரிக்கவிடவில்லை. அன்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உட்கார்ந்து படித்தான். தினம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை இறக்கினான். ஒரேயடியாக இறக்கினால் உயிர் தாங்காதாமே. ஒரு நத்தை போய்விட்டது. மற்றவை எல்லாம் பிழைத்துக்கொண்டன. மீன்கள் இப்போது என் விரலைப் பார்த்தால் ஓடி வருகின்றன.

பவளம் வாங்கிவிடலாமா என்று நேற்றுக் கேட்டேன். "அதெல்லாம் தெரிஞ்சவங்க வந்து வைக்கணும்மா" என்றான். யாரைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியாதா!

அவனாக உனக்கு எழுத மாட்டான். நீயாக வர மாட்டாய். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். அதனால் அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே. உறைமேல் அவன் பெயரை எழுது. மன்னிப்பெல்லாம் யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். முதலில் எந்தப் பவளத்தை, எந்தப் பாறைமேல் வைக்கலாம் என்று இரண்டு வரி எழுது, போதும். மீதியை அவன் படித்துக்கொள்வான்.

எந்தத் தண்ணீரில் இறங்கினாலும் பத்திரமாகக் கரையேறு, என் கண்ணே.

இப்படிக்கு,
உன் அப்பனைப் பெற்றவள்